கொண்டிஸ் பாடம்

மகளுக்கு வீட்டில் படிப்பிக்க மற்ற எல்லாப் பாடங்களுக்கும் புத்தகம் பார்த்து முடித்த பிறகும் இரசாயனவியல் மட்டும் எஞ்சிக் கிடந்தது. கணிதத்துக்கு ஒரு பின்னேரத்தில் முடிவெடுத்தேன். ஆங்கிலத்துக்கு அவளே முடிவெடுத்தாள். வரலாற்றை எந்தப் புத்தகத்தில் படித்தாலும் சண்டைதானே என்று கைக்கு வந்த முதலாவதை வாங்கினேன். இரசாயனவியலுக்கு வந்தபோதுதான் மடிக்கணினியைத் திறப்பதும், தேநீர் ஆறும்வரை வெறித்துப் பார்ப்பதும், "நாளைக்குப் பார்ப்பம்" என்று மூடுவதுமாக நாட்கள் போயின.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு. மழை பெய்தாலும் இழுக்கும், வெயில் எரித்தாலும் இழுக்கும். பாடசாலையில் இருந்த நாட்களைவிடக் களுபோவில ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த நாட்கள் கூடிப்போன ஒரு வருடமும் வந்தது. அந்த வருடக் கடைசியில், பிள்ளை வீட்டிலேயே படித்து லண்டன் ஓலெவல் பரீட்சையைத் தனியாக எழுதட்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். கணவர் டோஹாவில் இருக்கிறார். ஆகவே முடிவு இரண்டு பேருடையது, வேலை என்னுடையது. கொழும்பில் தமிழர் கூடி வாழும் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் என் அப்பா வாங்கிய கீழ்த்தள வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். காலையில் அவளோடு படிப்பு. பின்னேரம் காலி வீதியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பேன்.

அவளுக்கோ மற்றப் பாடங்கள் கடமை, இரசாயனவியல்தான் ஆசை. மருந்துகளுக்குள் வளர்ந்த பிள்ளை. தன் நெஞ்சைத் திறந்துவிடும் அந்த நீலப் பம்புக்குள் என்ன இருக்கிறது, அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று வைத்தியர்களைக் குடைந்து எடுப்பாள். பெரியவளானதும் மருந்தாளராக வரவேண்டும் என்பது அவளுடைய எண்ணம். இந்தப் பாடத்தில் சறுக்கினால் அந்தக் கதவு பிறகு திறக்காது.

"செய்து பார்க்கிற மாதிரி ஒண்டு எடுங்கோ அம்மா" என்றாள். "சும்மா வாசிச்சுப் பாடமாக்கிறது வேண்டாம். எனக்கு நிறம் மாறுறதைப் பாக்கவேணும்."

நான் பாடத்திட்டங்களைப் பார்த்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மற்றத் தாய்மார் அத்தியாயங்களைப் பார்ப்பார்கள், கணக்கு கடினமா என்று பார்ப்பார்கள், விடைகள் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் நேரே பரிசோதனைக்குத் தேவையான பொருட்கள் இருக்கும் பக்கத்துக்குப் போவேன். ஒவ்வொரு பெயரையும் வாசித்து, பொலிஸ் வந்து எங்கள் அலுமாரியைத் திறந்தால் இதைப் பார்த்து என்ன கேட்பார்கள், நான் என்ன பதில் சொல்வேன் என்று யோசிப்பேன். சண்டை முடிந்து எவ்வளவோ காலம். எங்கள் ஒழுங்கை முனையில் சோதனைச் சாவடி நின்ற இடத்தில் இப்போது குழந்தைகளுக்கு உடுப்பு விற்கிறார்கள். ஆனாலும் அந்தச் சாவடி எனக்குள் நிற்கிறது. எந்தப் புத்தகமும் அதில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் வரவேண்டும்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் வெள்ளவத்தையில் குடியிருந்ததில்லை.

ஓர் அமெரிக்கப் பாடத்திட்டம் பெட்டியோடு வருவது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்றே எழுதியது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கதைப்பது போன்ற நடை. ஒவ்வொரு பாடமும் ஒரு பரிசோதனையில் தொடங்கும், ஏன் அப்படி நடந்தது என்ற கேள்வி அடுத்து வரும், கணக்கு கடைசியில்தான். தொடக்கக்காரிக்கு அதைவிட நல்லது கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பெட்டிக்குள் சின்னச் சின்னப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் நீளமான பெயர். நைத்திரேற்று என்று முடியும் ஒரு பெயரைக் கண்டேன், குண்டுச் செய்திகளில் கேட்ட சொல். மடிக்கணினியை மூடிவிட்டேன்.

இங்கிலாந்துப் புத்தகம் பரீட்சைக்கு நேரே கொண்டுபோகும். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஓர் ஆய்வுகூடம் இருக்கிறதென்று நம்பி எழுதியிருந்தார்கள். மாணவர் சுவாலையின் நிறத்தை அவதானிப்பார் என்று பக்கத்துக்குப் பக்கம். எந்த மாணவர், எங்கே நின்று அவதானிப்பார்? இந்தியப் புத்தகமொன்று அணுவில் தொடங்கி மூச்சு விடாமல் ஓடியது. மூச்சிழுப்புக்காரிக்கு அது சரிவராது. பிறகு ஒரு வீடியோப் பாடம். திரையிலேயே குடுவையை இழுத்து முகவைக்குள் ஊற்றலாம், வீட்டில் ஒரு துளி அமிலம் தேவையில்லை. சாவடியை ஒரு கேள்வியும் இல்லாமல் கடந்த ஒரே பாடம் அது. மகளை அதன் முன்னால் இருத்தினேன். ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது கேம். கெமிஸ்ட்ரி இல்லை" என்று மூடி வைத்தாள்.

கணவர் ரெலிபோனில் வந்தார். "நீர் அந்தப் பெட்டியையே எடும். நான் இஞ்சயிருந்து ஓடர் பண்ணி அனுப்பிறன். இதில யோசிக்க என்ன கிடக்கு?"

"அவளுக்குப் புகை ஒத்துவராது. பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுறது நான்தானே" என்றேன்.

அவர் அடங்கிவிட்டார். புகை என்று சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். தொய்வுக்காரப் பிள்ளையின் தாயோடு யார் வாதாடுவது? யன்னலைத் திறந்து வைத்துச் செய்தால் ஒரு பயமும் இல்லை என்று அவளைப் பார்க்கும் வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை நான் டோஹாவுக்குச் சொல்லவில்லை.

எங்கள் குளியலறையைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். இந்தக் கட்டடத்தில் எல்லார் குளியலறைக்கும் டைல்ஸ் போட்டாயிற்று, எங்களுடையது மட்டும் இன்னும் பழைய சீமெந்துத் தரை. மேல்வீட்டு அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் "நீங்கள் என்ன, மியூசியமா வச்சிருக்கிறியள்?" என்று பகிடி பண்ணுவார். தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில், வாளி வைக்கும் மூலையில், உள்ளங்கைகள் சில சேர்ந்த அகலத்துக்கு ஒரு பழுப்புக் கபில நிறக் கறை இருக்கிறது. அம்மா இருந்தவரை அமிலம் கலந்த கழுவல் மருந்து எதையும் அந்த மூலைக்குக் கிட்டக் கொண்டுபோக விடவில்லை. டைல்ஸ்காரர் அளவெடுக்க வந்தபோது அம்மா அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் குளித்து முடித்துத் தரை ஈரமாக இருக்கும்போது அந்தக் கறை கருத்துத் தெரியும், யாரோ இப்போதுதான் ஊற்றிவிட்டு வெளியே போனது போல. அப்போது கதவுக்கு முதுகைக் காட்டி நிற்க என்னால் முடியாது. இத்தனை வயதிலும் முடியாது.

ஊற்றியவர் என் அப்பா. அது என் அண்ணாவின் கொண்டிஸ்.

அண்ணாவுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கியிருந்த காலம். நான் சின்னப்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த வீட்டில் நாங்கள் இன்னும் பழகி முடியவில்லை. அவன் போன ரியூசன் வகுப்பில் இரசாயனவியலைக் கரும்பலகையில்தான் செய்தார்கள். நிறம் மாறும் என்று எழுதிப் போடுவார்கள், மாறுவதை ஒருவரும் கண்டதில்லை. அதனால் அண்ணா தன் மேசையிலேயே செய்து பார்த்தான். ஜாம் போத்தல்கள், அம்மாவின் வினாகிரி, அப்பச்சோடா, பாமசியில் வாங்கிய கொண்டிஸ். கொண்டிஸ் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கீரை கழுவவும், தொண்டை நோவுக்குக் கொப்பளிக்கவும், கால் புண்ணுக்கும் எல்லா வீட்டிலும் இருந்த பளிங்குத் தூள். தண்ணீரில் போட்டால் ஊதாவாகக் கரையும். பரீட்சைத் தாளில் அதன் பெயர் பொற்றாசியம் பரமங்கனேற்று. அந்தப் பெயரை அவன் பாட்டுப் போலச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பான்.

ஒரு விடியற்காலையில் ஆமியும் பொலிசும் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அது எங்களுக்குப் புதிது இல்லை. அடையாள அட்டைகளும் பொலிஸ் பதிவும் அம்மாவின் கைப்பைக்குள் எப்போதும் தயாராக இருக்கும். அடுத்த வீட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது அப்பா திரும்பி அண்ணாவின் மேசையைப் பார்த்தார். அதுவரை அது படிக்கிற பிள்ளையின் மேசை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். "அப்பா, அது ஒண்டுமில்லை, விடுங்கோ" என்று அண்ணா சொல்லச் சொல்ல, அப்பா போத்தல்களை அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். இருந்த கொண்டிஸ் முழுவதையும் கையாலேயே தண்ணீரில் கரைத்துக் கரைத்து ஊற்றினார்.

கொண்டிஸ் அப்படி ஊற்றிவிட்டால் போகிற சாமான் இல்லை. ஒரு சிட்டிகை போட்டால் ஒரு வாளித் தண்ணீர் நிறமாகிவிடும். அவர்கள் உள்ளே வந்தபோது தரை முழுக்க ஊதா. அப்பாவின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை கபிலம். மேசையில் அப்படியே இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் அது இருந்திருக்கும். அவசரப்பட்டு ஊற்றியதால்தான் கேள்வி வந்தது.

"மொகடத மே?" என்றார் அதிகாரி. எதற்கு இது?

அப்பாவின் சிங்களம் கடைக்குப் போய்வர மட்டும் போதும், அன்றைக்கு அதுவும் வாயில் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணா "ஸ்ரடி, ஸ்ரடி" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதிகாரி அப்பாவின் கையை முன்னால் இழுத்துப் பார்த்தார், பிறகு அண்ணாவைப் பார்த்தார். பெடியனை விசாரித்துவிட்டுப் பின்னேரம் விட்டுவிடுவோம் என்று கூட வந்த ஒருவர் கொச்சைத் தமிழில் சொன்னார்.

வாசலில் செருப்பைப் போடும்போது அண்ணா திரும்பினான். "அப்பா, தேசிக்காய்... தேசிக்காய் எடுங்கோ" என்றான். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தான். தமிழில் கதைக்காதே என்று அதிகாரி அதட்டினார். அவன் குரலை நாங்கள் கடைசியாகக் கேட்டது அதுதான். அன்றைக்குப் பின்னேரம் அவன் வரவில்லை. பிறகு எந்தப் பின்னேரமும் வரவில்லை.

அப்பா அந்தக் கைகளோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். சவர்க்காரம், மண்ணெண்ணெய், தும்பு எல்லாம் போட்டு உரஞ்சிப் பார்த்தும் கபிலம் போகவில்லை. மேசைக்குக் கீழே கையை ஒளித்துக்கொண்டே மகனைக் கேட்டார். யாரோ கையைக் கண்டுவிட்டு, அவரையே பிடித்து இருத்தி நாள் முழுக்கக் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு கறை தானாக மறையும்வரை அவர் வெளியே போகப் பயந்தார். ஓடித் திரிந்து தேடியிருக்க வேண்டிய அந்த முதல் நாட்களில் அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அம்மா தனியாகப் போனார். சிங்களமும் தெரியாது, பாதையும் தெரியாது.

தேசிக்காய் என்று அண்ணா சொன்னதை அம்மா நேர்த்திக்கடன் என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்தோம். அந்த நேரத்தில் வேறு எதற்குத் தேசிக்காய்? அந்த எலுமிச்சங்காயை இரண்டாக வெட்டிப் பிழிந்து, தோலைப் புரட்டிக் கிண்ணமாக்கி, எண்ணெய்விட்டுத் திரி போட்டு அம்மனுக்கு விளக்கேற்றுவது எங்கள் ஆட்கள் தீராத துன்பத்துக்குச் செய்வது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறிப் போய் அங்குள்ள ஓர் அம்மன் கோயிலில் தேசிக்காய் விளக்கு ஏற்றினார். பிள்ளை கேட்டது, நான் செய்யவேண்டும் என்பார். அப்பா செத்த பிறகும் ஏற்றினார். அம்மா செத்த பிறகு நான் போகிறேன். எங்கள் குசினியில் சீனி முடிந்துபோகும், தேசிக்காய் முடிந்துபோகாது.

அம்மாவுக்கு அது நேர்த்தி. எனக்கு அது வேறு. அண்ணா கோயில் குளம் என்று போகிறவன் அல்ல, அம்மா திருநீறு பூசவந்தாலே தலையை இழுத்துக்கொள்வான். அவன் பயத்தில் உளறினான் என்றுதான் நான் மனதின் அடியில் நம்பினேன். அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை, புத்தி தடுமாறி, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் தேசிக்காய் தேசிக்காய் என்று சொல்லிக்கொண்டு போனான் என்று. அந்தக் குரல்தான் என்னைத் துரத்தியது. கோயிலில் திரியைத் தூண்டும்போதும், கடையில் தேசிக்காயை அமுக்கிப் பார்க்கும்போதும் அது கேட்கும். செத்துப்போனான் என்பதைக்கூட ஒரு காலத்தில் மனம் ஏற்றுக்கொண்டுவிட்டது, பயந்து நடுங்கிப் போனான் என்பதை ஏற்கவில்லை.

என் மகளுக்கு இதில் எதுவும் தெரியாது. சண்டைக் காலத்தில் காணாமல் போன மாமா ஒருவர் இருந்தார் என்று தெரியும், அவ்வளவுதான்.

கடைசியில் நான் தெரிவு செய்தது ஒரு குசினிப் பாடத்திட்டம். தன் பிள்ளைகளை வீட்டில் படிப்பித்த ஒரு தாய் எழுதியது. உப்பு, சீனி, வினாகிரி, அப்பச்சோடா, துருப்பிடித்த ஆணி. வாசித்துக்கொண்டே போனேன், சாவடியில் ஒருவரும் கையைக் காட்டி மறிக்கவில்லை. கடைசி வரியில் "பாமசியில் கிடைக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் பளிங்குகள்" என்று இருந்தது. கிணற்றுத் தண்ணீருக்குப் போடுகிற சீனக்காரமாக்கும் என்று கடந்து போனேன். மூல் கணக்கும் சமன்பாடும் பிறகு வரட்டும், முதலில் பிள்ளைக்குப் பாடத்தில் ருசி பிடிக்கட்டும் என்று கணவருக்குச் சொன்னேன். சொன்னது பொய்யும் இல்லை.

ருசி பிடித்துத்தான் விட்டது. செவ்வரத்தம்பூவை அவித்தெடுத்த தண்ணீர் வினாகிரிக்குச் சிவப்பாகவும் அப்பச்சோடாவுக்குப் பச்சையாகவும் மாறியதைப் பார்த்து, டோஹாவுக்கு வீடியோக் கோல் எடுத்துத் தன் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தாள். யன்னலோரம் நூலில் உப்புப் பளிங்கு வளர்ந்தது. நான் சம்பல் இடிக்கப் போனால் "அம்மா, அந்தக் கிளாசைத் தொடாதேங்கோ, அங்க ரியக்சன் நடக்குது" என்பாள். எங்கள் வீட்டில் பம்பின் சத்தம் குறைந்திருந்தது. சந்தோஷமாக இருந்தால் மூச்சும் சந்தோஷமாகப் போய்வரும் போலிருக்கிறது. நானும் கொஞ்சம் நிமிர்ந்தேன். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் பல் வைத்தியர் நேரத்தோடு வெளிக்கிட்டதால் நானும் வேளைக்கு வீடு வந்தேன். கடல்பக்கமிருந்து வெயில் யன்னலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் கண்ணாடிக் குவளைகள் வரிசையாக இருந்தன. முதலாவதில் கடும் ஊதா, அடுத்ததில் கொஞ்சம் மங்கல், கடைசியில் ரோசா நிறம். பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலம் திறந்து கிடந்தது. வெயில் அந்தக் குவளைகளுக்குள்ளால் போய் மேசைவிரிப்பில் ஊதாவாக விழுந்தது. அழகாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அம்மா, பாருங்கோ! புத்தகத்தில கடைசியா இருந்த பளிங்கு, நானே பாமசிக்குப் போய் வாங்கினனான்" என்றாள்.

நான் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. குவளைகளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். ஊற்றினேன். திரும்பி வந்து மற்றவற்றையும் பொட்டலத்தையும் எடுத்தேன். "அம்மா, அது என்ர! அம்மா, விடுங்கோ!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளைத் தள்ளிவிட்டேன். பொட்டலத்தை வாளிக்குள் கொட்டி, கையாலேயே கரைத்துக் கரைத்து ஊற்றினேன். ஊற்ற ஊற்ற ஊதா பெருகியது. ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம் இல்லை, ஜீப் இல்லை. பாண்காரனின் முச்சக்கரவண்டி மட்டும் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

அவள் கத்துவது நின்று இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தலை தெளிந்தது. குளியலறைப் படியில் குந்தியிருந்து பம்பை அடித்தாள். நான் பக்கத்தில் போய் முதுகைத் தடவ, அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன் ஊத்தினனீங்கள்?" மூச்சு வந்ததும் கேட்டாள். "அது கீரை கழுவுற சாமான் அம்மா. பாமசி அங்கிள் சும்மா எடுத்துத் தந்தவர். ஏன்?"

என் கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை ஊதா காய்ந்து கபிலமாக மாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் உடைந்துபோனேன். ஈரத்தரையில் அப்படியே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேசையை, பூட்ஸ் சத்தத்தை, தாத்தாவின் கையை, மூலையில் இருக்கும் கறை எப்படி வந்தது என்பதை, மாமா வாசலில் திரும்பி உளறியதை. அவள் படியில் இருந்தபடி கேட்டாள். முடிந்ததும் எழும்பிக் குசினிக்குப் போனாள். கோபத்தில் போகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்த தேசிக்காயில் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கையைத் தாங்கோ."

பாதியை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். புளி விரலிடுக்கெல்லாம் ஓடியது. தேய்த்த இடத்தில் கபிலம் மங்கியது, பிறகு இல்லாமல் போனது. என் கை என் கையாகத் தெரிந்தது. அவள் அடுத்த கையை எடுத்தாள்.

"இண்டைய பாடத்தின்ர மற்றப் பாதி இதுதான்" என்றாள். "தேசிக்காய்ப் புளி பட்டா கொண்டிஸ் நிறம் போயிடும். கறையும் போயிடும்." தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, மாமா உளறேல்லை. தாத்தான்ர கைக்குத்தான் சொல்லியிருக்கிறார்."

எத்தனையோ வெள்ளிக்கிழமைகள். கொட்டாஞ்சேனைப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா. எண்ணெய், திரி, புகை. அன்றைக்கும் எங்கள் குசினியில் தேசிக்காய் இருந்தது, எப்போதும் இருக்கும், சோற்றுக்குப் பிழிய. ஒன்றை வெட்டித் தேய்த்திருந்தால் அப்பா வெறும் கையோடு பொலிஸ் நிலையத்துக்குப் போயிருப்பார். அந்த முதல் நாட்களில் தேடியிருப்பார். தேடியிருந்தால் கிடைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவன் பயந்து பிதற்றவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, செருப்பைப் போட்டுக்கொண்டே, அப்பாவின் கையை எப்படிக் காப்பாற்றலாம் என்று யோசித்திருக்கிறான். சரியான விடையையும் சொல்லிவிட்டுத்தான் போனான். அது விடையென்று விளங்க எங்கள் வீட்டில் அவனைத் தவிர ஒருவருக்கும் இரசாயனவியல் தெரிந்திருக்கவில்லை. நான் குளியலறைத் தரையில் இருந்து வாய்விட்டு அழுதேன். துக்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன, எது எதுவென்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மகள் பாதித் தேசிக்காயோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் நான் புதிதாக ஊற்றிய இடத்தையெல்லாம் புளிவிட்டுத் தேய்த்தாள். சீமெந்து பொங்கிப் பொங்கி வெளுத்தது. மூலைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். "இதையும் எடுக்கட்டா?" என்று கேட்டாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று வாளியை அதன் மேல் வைத்தாள்.

அடுத்த நாள் கிளினிக்குக்குப் போகும் வழியில் காலி வீதிப் பாமசியில் ஏறினேன். பாடத்தைப் பாதியில் குழப்பியது நான், சாமானையும் நான்தான் வாங்கிக் கொடுக்கவேண்டும். ஆட்கள் நின்றார்கள். என் முறை வந்தது. என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை ஒரு கடையில் நான் சொன்னதில்லை.

"கொண்டிஸ் தியெனவாத?" என்றேன். இருக்கிறதா?

கவுண்டரில் நின்றவர் லாச்சியைத் திறந்துகொண்டே, "மொகடத மிஸ்?" என்று கேட்டார். எதற்கு? புண்ணுக்கா, கீரைக்கா என்று தெரிந்தால் எப்படிக் கரைப்பதென்று சொல்லித்தருவார், வேறொன்றும் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின. அப்பாவைப் போலவே நின்றேன். பிறகு கைகளை எடுத்துக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தேன்.

"துவட்ட இகெனகன்ன" என்றேன். மகளுக்குப் படிக்க.

அவர் தலையாட்டிவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். கையில் பட்டால் கறை பிடிக்கும், கவனம் என்று சிங்களத்தில் சொன்னார்.

தேசிக்காய் போட்டால் போய்விடும் என்று அவருக்குச் சொன்னேன்.